முட்டிவலி உள்ள 70 வயது அம்மாவையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தென்னாப்பிரிக்கா சஃபாரி போகலாமா?

தாராளமாகப் போகலாம். முட்டி தேய்ந்த அம்மா, நாலு வயதிலும் எட்டு வயதிலும் பிள்ளைகள், மே மாத லீவு, "வயசான காலத்துல அவங்களுக்கு எதுக்கு ஆப்பிரிக்கா" என்று கேட்கிற சொந்தக்காரர்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கு மனசு பொறுக்கவில்லை. இதே கேள்வியை நானும் வாங்கிக் கட்டிக்கொண்டவள்.

நாங்கள் போனது க்ரூகர் தேசியப் பூங்காவுக்கு. அம்மா, கணவர், பையன், பெண், நான். அம்மாவுக்கு சர்க்கரையும் உண்டு. "ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யார் பதில் சொல்றது?" என்று என் பெரியண்ணன் போனில் சத்தம் போட்டார். காசிக்குக் கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அங்கே படித்துறையில் இறங்கி ஏறுவதைவிட, காரின் முன்சீட்டில் உட்கார்ந்து யானை பார்ப்பது முட்டிக்குக் கஷ்டமா என்ன?

அண்ணனையாவது விடலாம், பயத்தில் பேசினார். பயண ஏற்பாடு செய்து தருகிற ஒருவர் சொன்னதுதான் இன்னும் எரிகிறது. "பாட்டியை ஜோகன்னஸ்பர்க் ஓட்டல்ல விட்டுட்டு நீங்க போய்ட்டு வாங்க மேடம், அவங்களுக்கும் ரெஸ்ட்டா இருக்கும்" என்றார். கூடவே, சின்னவளையும் சஃபாரி வண்டியில் ஏற்ற மாட்டார்கள் என்றார். அவர் விற்றது தனியார் லாட்ஜ் பேக்கேஜ். அங்கே திறந்த வண்டி, உயரமான படி, விடிவதற்கு முன் கிளம்ப வேண்டும், பல இடங்களில் 6 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அழைத்துப் போவதில்லை. அதெல்லாம் உண்மைதான். ஆனால் இன்னொரு வழி இருப்பதை அவர் சொல்லவே இல்லை.

க்ரூகருக்குள் நம் காரை நாமே ஓட்டிக்கொண்டு போகலாம். கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர் காடு. முக்கியமான சாலைகள் எல்லாம் தார் போட்டவை, சாதாரண வாடகைக் கார் போதும். இந்தியா மாதிரியே இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும். தார் சாலையில் 50, மண் சாலையில் 40 கிலோமீட்டர் வேகம்தான் உச்சம். அரசுப் பூங்கா நிர்வாகமே உள்ளே தங்கும் முகாம்கள் நடத்துகிறது. வேலி போட்ட வளாகம், கூரை வேய்ந்த வட்டக் குடில்கள், கடை, உணவகம், பெட்ரோல் பங்க். ஸ்குகூசாதான் பெரிய முகாம், அங்கே மருத்துவரும் இருக்கிறார். பக்கத்திலேயே விமான நிலையம்கூட உண்டு. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நாலைந்து மணி நேரம் காரில் உட்கார முடியாதவர்கள் பறந்தே வந்துவிடலாம்.

பெரியவர்களோடு போகிறவர்கள் சிங்கத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள், கழிப்பறையை வைத்துப் போடுங்கள். இதை யாரும் எழுதுவதில்லை. முகாம், பிக்னிக் இடம், பறவை பார்க்கும் மறைவிடம் என்று குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களால் அப்படி அடக்கிக்கொண்டு உட்கார முடியுமா? அதனால் நாங்கள் பெரும்பாலும் ஸ்குகூசாவுக்கும் லோயர் சாபி என்ற இன்னொரு முகாமுக்கும் நடுவே, சாபி ஆற்றை ஒட்டிப் போகிற எச்4-1 சாலையிலேயே சுற்றினோம். சுமார் 43 கிலோமீட்டர்தான், ஆனால் நின்று நின்று போனால் அரை நாள் ஓடிவிடும். நடுவழியில் ன்குலு என்ற பிக்னிக் இடத்தில் கழிப்பறை, காபி எல்லாம் கிடைக்கும். அந்த ஒரு சாலை பூங்காவிலேயே நெரிசலானது என்று தெரிந்தவர்கள் குறை சொல்வார்கள். சொல்லட்டும். எங்களுக்கு அதுதான் தோது.

அந்தச் சாலையில்தான் யானைக் கூட்டம் குறுக்கே வந்தது. ஆற்றுக்கு இறங்குகிற கூட்டம். கணவர் தள்ளியே நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், பின்னால் போக இடம் விட்டு வைத்திருந்தார். அம்மா கும்பகோணத்துக்காரி, பிறந்ததிலிருந்து கோயில் யானை பார்த்தே வளர்ந்தவள். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது ஆண் யானைதானே, தந்தம் இருக்கே. அப்புறம் எப்படி அதுகிட்ட குட்டி பால் குடிக்குது?" என்றாள். நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. குட்டி தும்பிக்கையை ஒரு பக்கமாக மடித்துக்கொண்டு, தாயின் முன்னங்கால் இடுக்கில் முட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. நம் ஊர்ப் பெண் யானைக்கு வெளியே தெரிகிற மாதிரி தந்தம் வருவதில்லை. பையன் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்த்து, "அம்மாச்சி கண்டுபிடிச்சுட்டாங்க" என்று குதித்தான். அதற்கப்புறம் காரில் யார் எதைப் பார்த்தாலும் முதல் கேள்வி அம்மாச்சிக்குத்தான். இந்த மனுஷியை ஓட்டல் அறையில் டிவி பார்க்க விட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள்.

சிங்கம் பார்த்தீர்களா என்று அடுத்து கேட்பீர்கள். பார்த்தோம், சாலையோரப் புதரில் தூங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கார்கள். சிங்கம் இருக்கும் இடத்தைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம், கார்கள் குவிந்து நிற்கும். பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரத்தில் சலித்துவிட்டது. லோயர் சாபி முகாமுக்குப் பக்கத்திலுள்ள சன்செட் அணையில் நீர்யானையும் முதலையும் கரையோரமாகவே கிடக்கும். அங்கேதான் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தார்கள். சிங்கத்துக்காக மணிக்கணக்கில் சுற்றுகிறவர்களைத் தப்பு சொல்லவில்லை. அவர்களுக்கு சடாரா முகாம் பக்கம் போவது நல்லது, அந்தப் புல்வெளியில் வாய்ப்பு அதிகம்.

மே மாதத்தில் இன்னொரு விசேஷம், இம்பாலா மான்கள் இணைசேரும் பருவம். ஆண் மான் ராத்திரியில் முக்கி முக்கி உறுமும். முதல் தடவை கேட்டால் சிங்கமோ சிறுத்தையோ வேலிக்கு வெளியே நிற்கிறது என்றுதான் தோன்றும். பெரியவர்களிடமும் பிள்ளைகளிடமும் முன்னாலேயே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் தூக்கம் போய்விடும்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். நாங்கள் சுத்த சைவம். ஜோகன்னஸ்பர்க்கில் ஃபோர்ட்ஸ்பர்க் பக்கம் இந்தியக் கடைகள் உண்டு, பருப்பு, மசாலா எல்லாம் அங்கேயே வாங்கலாம். பல குடில்களில் அடுப்பும் ஃபிரிட்ஜும் இருக்கும், முன்பதிவு செய்யும்போது பார்த்து எடுங்கள். குடிலைப் பொறுத்து ஃபிரிட்ஜ் வெளித் திண்ணையில் இருக்கும், அதைப் பூட்டாமல் உள்ளே போகவே கூடாது. அங்குள்ள வெர்வெட் குரங்குக்கு ஃபிரிட்ஜ் திறக்கத் தெரியும். பக்கத்துக் குடில்காரர் கதவை முழுதாகச் சாத்தவில்லை. ஒரு குரங்கு வந்து திறந்து, கீழ்த்தட்டில் இருந்த பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, ரொட்டியை மட்டும் கொண்டுபோனது. தயவுசெய்து எதற்கும் தீனி போடாதீர்கள், அங்கே அது குற்றம்.

சரி, இந்த இடத்தில் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்தக் காட்டுக்குள்ளேயே சக்கர நாற்காலி போகிற மாதிரி சில குடில்களும் கழிப்பறைகளும் கட்டி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் புதிதாகக் கட்டுகிற கல்யாண மண்டபங்களில் எத்தனையில் இது இருக்கிறது? மேடை ஒரு தளம், சாப்பாட்டுக் கூடம் இன்னொரு தளம். லிஃப்ட் இருந்தால் அதில் சாம்பார் வாளி போகும், மனுஷருக்கு இடமில்லை. போன முகூர்த்தத்தில் என் அம்மா பந்திக்கு இறங்க முடியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள், இலையை யாரும் மேலே கொண்டுவரவில்லை. "வயசானவங்களுக்கு ஆகாது" என்று ஆப்பிரிக்காவைச் சொன்ன அதே சொந்தங்கள்தான் அங்கே பந்தி விசாரித்தார்கள். இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் எங்கேயாவது எழுத வேண்டும் என்றிருந்தேன்.

"காசு இருக்கிறவங்க பேச்சு" என்று சிலர் சொல்லக்கூடும். விமானச் செலவு பெரிதுதான், மறைக்கவில்லை. இரண்டு வருஷம் வேறெங்கும் போகாமல் சேர்த்த பணம் அது. முதுமலையையும் நான் மட்டம் தட்டவில்லை, அது என் பிள்ளைகள் முதலில் காடு பார்த்த இடம். தனியார் லாட்ஜுக்குப் போனவர்களும் சண்டைக்கு வர வேண்டாம். க்ரூகரை ஒட்டிய சாபி சாண்ட்ஸ் என்ற தனியார் காட்டில் வண்டியைச் சாலையை விட்டு இறக்கிச் சிறுத்தையை அருகே காட்டுவது போல் க்ரூகரில் முடியாது என்று எனக்கும் தெரியும். எங்கள் குடும்பத்துக்கு எது ஒத்துவந்ததோ அதைத்தான் சொல்கிறேன்.

மலேரியாவை லேசாக எடுக்காதீர்கள். க்ரூகர் மலேரியாப் பகுதிதான். மழைக்காலத்தில் அதிகம், குளிர்காலத்தில் குறைவு. மே மாதம் இரண்டுக்கும் நடுவே வருகிறது. சின்னவளுக்கும் அம்மாவுக்கும் எந்த மாத்திரை என்று டாக்டரிடமே கேளுங்கள், சர்க்கரை மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியாக டிக்கெட் போடுகிறீர்கள் என்றால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை வேண்டுமா என்று தென்னாப்பிரிக்கா, இந்தியா இரண்டு பக்கமும் விசாரித்துவிடுங்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் அட்டை செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பிள்ளைகளுக்கு அப்பா, அம்மா இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழ் எடுத்து வையுங்கள். ஸ்வெட்டர் வேண்டும், காலையில் நன்றாகவே குளிரும்.

முகாம் அறைகளை 11 மாதம் முன்னாலிருந்தே பதிவு செய்யலாம். லோயர் சாபி சீக்கிரம் நிரம்பிவிடும். இடமில்லை என்று வந்தாலும் விட்டுவிடாதீர்கள், ரத்தாகிற அறைகள் திரும்ப வந்துகொண்டே இருக்கும், தினமும் ஒரு தடவை பாருங்கள். அம்மாவுக்குக் குளிக்கும் இடத்தில் கைப்பிடி உள்ள குடிலாகக் கேட்டு வாங்குங்கள். காரில் முன்சீட்டை அவர்களுக்கே கொடுங்கள்.