பழைய பாடிக்குப் புதிய சேஸிஸ்

கேள்வி: என்னிடமுள்ள 1955-ஆம் ஆண்டு ஷெவர்லே பெல் ஏர் காரின் பாடி நல்ல நிலையில் இருக்கிறது, சேஸிஸ்தான், அதாவது பாடியைத் தாங்கும் அடிச்சட்டம்தான், துருப்பிடித்து உளுத்துவிட்டது. நவீன பிக்கப் டிரக்கின் சேஸிஸில் அந்தப் பாடியைப் பொருத்தலாமா?

பதில்: பொருத்தலாம், ஆனால், எந்த சேஸிஸ் எண்ணில் வண்டியைப் பதிவு செய்ய முடியும் என்பதை முதலில் பதிவு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது அளவு. உங்கள் காரின் வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம், 115 அங்குலம். இதற்கு நெருங்கிய சேஸிஸ் கிடைக்காவிட்டால் அதன் இரும்புச் சட்டத்தை வெட்டி இணைக்க வேண்டிவரும், அந்த வெல்டிங்கைத் தேர்ந்த கைகளிடம் மட்டுமே ஒப்படையுங்கள். அச்சு அகலமாக இருந்தால் டயர் மட்கார்டில் உரசும்.

உண்மையான வேலை பாடியைப் புதிய சேஸிஸின் மேல் இறக்கும்போதுதான் தொடங்குகிறது. டிரக்கின் சட்டம் உயரமாக இருப்பதால், காரின் தரைத்தகட்டை வெட்டி உயர்த்த நேரும்; அதற்கு முன்பே கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைக்காவிட்டால் பாடி கோணிக்கொள்ளும், பிறகு கதவுகள் சரியாக மூடாது. நல்ல பாடிகள் இப்படி வீணாவது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. பாடியைச் சட்டத்தோடு நேரடியாகப் பற்றவைக்காமல், தாங்கிகள் அமைத்து, அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்களின் மேல் உட்காரவைத்து, போல்ட்டால் முடுக்குங்கள்.