டானிக் ஊற்றினால் முடிக்கொத்து போகுமா?

தாண்டிக்குடிப் பக்கம் காப்பிக்கு நடுவே மலைவாழை வைத்திருப்பவர் கேட்கிறார்: “நாலைந்து தூரில் முடிக்கொத்து நோய், இலையெல்லாம் உச்சியில் கொத்தாகக் குறுகிவிட்டது. வைரஸால் வருவதாம். வாழைக்கே வைரஸை வெட்டும் சக்தி உண்டாம், அதைத் தூண்டும் டானிக் என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?”

வேண்டாம். சக்தி இருப்பது நிஜம்தான். வைரஸின் ஆர்என்ஏவை, அதாவது மரபுச்செய்தி எழுதிய இழையை, செடி 21 முதல் 24 எழுத்து நீளத் துண்டுகளாக நறுக்கும். அப்புறம் அந்தத் துண்டைத் தேடப்படும் ஆளின் போட்டோ மாதிரி வைத்துக்கொண்டு, அதே சாயல் உள்ள ஆர்என்ஏவையெல்லாம் பிடித்து வெட்டும். முடிக்கொத்து வைரஸ் அந்தச் செய்தியை டிஎன்ஏவில் வைத்திருந்தாலும் புரதம் செய்ய ஆர்என்ஏ படி எடுத்தே ஆகவேண்டும், அங்கே மாட்டும். ஆனால் வைரஸ் சும்மா வருவதில்லை. சில வைரஸ்களின் புரதம் அந்தப் போட்டோவையே பிடுங்கிக்கொள்ளும். உருளைக்கிழங்கு இலைச்சுருள் வைரஸ் வகையறா, வெட்டுகிற புரதத்தையே ஒழித்துவிடும். முடிக்கொத்து வைரஸிடமும் இப்படிச் செடியின் சக்தியை அடக்கும் புரதங்கள் உண்டு. டானிக்கில் இலை கொஞ்சம் பச்சையாகும், நீங்களும் காத்திருப்பீர்கள், அதற்குள் வைரஸைப் பரப்பும் அசுவினிப் பூச்சி அடுத்த தூருக்குப் போய்விடும்.

‘செடி தானாகத் தேறியது’ என்று ஒரு கதை சொல்வார்கள். அது புகையிலை. வளையப்புள்ளி வைரஸ் தாக்கியபின் புது இலை சுத்தமாக வருவதை 1928-லேயே எழுதிவைத்திருக்கிறார்கள். அங்கேயும் அறிகுறிதான் மறையும், வைரஸ் உள்ளேயே இருக்கும். முடிக்கொத்து வந்த வாழை அப்படித் தேறாது. அதே கிழங்கில் வரும் பக்கக்கன்றும் நோயோடுதான் வரும்.

அந்தக் கன்றைத்தான் புரோக்கர் லாரியில் ஏற்றுகிறார்! இப்போது ‘லேப் கன்று’ வேறு. தாய்மரத்தில் வைரஸ் இருந்தால் டிஷ்யூ கல்ச்சரில், அதாவது லேபில் திசுவிலிருந்து கன்று வளர்ப்பதில், நோயுள்ள கன்று ஒன்று ஆயிரமாகும், அவ்வளவுதான். வைரஸ் பரிசோதனைச் சான்று இல்லாமல் ஒரு கன்றும் இறக்காதீர்கள். திருச்சி தேசிய வாழை ஆராய்ச்சி மையத்தில் இந்தப் பரிசோதனை செய்கிறார்கள். சான்றுள்ள கன்று கேட்டால் அதிகாரிகள் ‘அடுத்த பருவம் பார்க்கலாம்’ என்பதும், தோட்டம் போனபின் கணக்கெடுக்க ஜீப் வருவதும் நம் தலையெழுத்து.

சரி, இப்போதே செய்யவேண்டியது: இலையின் அடிப்புறத்தை வெயிலுக்கு எதிரே பிடித்து, நடுநரம்பை ஒட்டிக் கரும்பச்சையில் புள்ளியும் கோடுமாக இருக்கிறதா பாருங்கள். இருந்தால் முதலில் குருத்திலும் மட்டை இடுக்கிலும் தண்டின் அடியிலும் அசுவினிக்கு மருந்து அடியுங்கள். மரத்தை முதலில் வெட்டினால் அசுவினி பறந்துபோகும். அது செத்தபின் தூரைக் கன்றும் கிழங்குமாகத் தோண்டி அழியுங்கள். வேலிக்கு அந்தப்பக்கத்துக்காரரிடமும் சொல்லிவிடுங்கள்.