கழுத்து வலிக்கு மனநல ஆலோசகர் எதற்கு?

வணக்கம். இரண்டு வருடமாகக் கழுத்து வலி, எம்ஆர்ஐயில் சி5-சி6 டிஸ்க் (கழுத்தின் ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் தட்டு) லேசான பிதுக்கம், பிசியோதெரபி முடித்ததும் வலி திரும்பிவிட்டது, இப்போது டாக்டர் மனநல ஆலோசகரையும் பார்க்கச் சொல்ல, "அப்போ என் வலி கற்பனையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, வலி நிஜம்தான்.

மூன்று மாதம் தாண்டி நீடிக்கும் வலியில் நரம்பு மண்டலமே கூடுதல் உஷாராகிவிடலாம். திருப்பினால் டிஸ்க் நகர்ந்துவிடுமோ என்று பயந்து கழுத்தை விறைப்பாக வைத்திருப்போம்; தசை பலமிழக்கும், வலி கூடும், பயமும் கூடும். ஆலோசகர் கை வைப்பது அந்தப் பயத்தில். ஜப்பானில் கழுத்துத் தொந்தரவே இல்லாத 1,211 பேரை ஸ்கேன் செய்த 2015 ஆய்வில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது! பிதுக்கம் இருந்தாலே வலி வரும் என்றில்லை; அதனால் ரிப்போர்ட்டைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்காதீர்கள்.

பயிற்சியை நிறுத்த வேண்டாம். நன்றாக இருக்கும் நாளில் அள்ளிச் செய்துவிட்டு மறுநாள் படுத்துவிடாமல், தினமும் ஒரே அளவு, அப்புறம் மெதுவாகக் கூட்டுங்கள். பிசியோதெரபிஸ்டும் ஆலோசகரும் பேசிக்கொண்டால் இன்னும் நல்லது.

கையில் பலம் குறைந்தாலோ, நடை தள்ளாடினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.