முட்டை ஓட்டுப் பொடி மட்டும் போதுமா? ஊர்வன வளர்ப்போர் கேள்விகள்

முட்டை ஓட்டைப் பொடித்து என் இகுவானாவுக்குக் கொடுக்கலாமா?

தாராளமாக. முட்டை ஓட்டில் ஏறக்குறைய 95 சதவீதம் கால்சியம் கார்பனேட்தான். ஓட்டைக் கழுவி 10 நிமிடம் கொதிக்க விடுங்கள். சால்மொனெல்லா கிருமிக்காகத்தான் இந்த வேலை. வெயிலில் மொறுமொறுவென்று காய்ந்ததும் மிக்சியின் சின்ன ஜாரில் அரைத்து, மெல்லிய துணியில் சலியுங்கள். விரல் நுனியில் தேய்த்தால் முகப் பவுடர் மாதிரி வழுக்க வேண்டும். ரவை மாதிரி நெருடினால் மறுபடி ஜாருக்குள் போடுங்கள். ஒரு முட்டையின் ஓட்டில் சுமார் ஒரு டீஸ்பூன் பொடி தேறும், அதில் 2 கிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கும்.

முருங்கைக்கீரை, மல்பெரி இலை, செம்பருத்திப் பூ இவற்றைப் பொடியாக நறுக்கி, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒரு சிட்டிகை தூவிப் பிசறிவிடுங்கள். தண்ணீர் தெளிக்காவிட்டால் பொடி முழுக்கத் தட்டின் அடியில்தான் கிடக்கும். வளரும் குட்டிக்கு அநேகமாகத் தினமும், பெரியதற்கு வாரம் இரண்டு மூன்று முறை கொடுக்கலாம். பாலக்கீரையை அன்றாடத் தீனியாக்க வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் நீங்கள் தூவிய கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வெற்றிலைச் சுண்ணாம்பும் கால்சியம்தானே?

ஐயோ, வேண்டாம்! அது கால்சியம் ஹைட்ராக்சைடு. கடுமையான காரம். கொஞ்சம் கூடினால் நமக்கே நாக்கு பொத்துவிடுகிறது, பல்லிக்கு என்ன ஆகும்? எழுதுகிற சாக்பீஸும் வேண்டாம். அதில் பல ஜிப்சம்தான்.

ஆறு மாதமாகப் பொடி போடுகிறேன். ஆமைக் குட்டியின் ஓடு இன்னும் மெத்தென்றுதான் இருக்கிறது. ஏன்?

தொட்டி எங்கே இருக்கிறது? ஹாலில், ஜன்னல் ஓரமாகத்தானே? இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் பொடியில் தவறு செய்வதில்லை, வெயிலில்தான் கோட்டை விடுகிறார்கள். குடலிலிருந்து கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி3 வேண்டும். வெயிலில் இருக்கும் யுவிபி (புற ஊதா-பி) கதிர் தோலில் பட்டால்தான் ஆமை அதைத் தயாரிக்கும். ஜன்னல் கண்ணாடி வெளிச்சத்தை விடும், யுவிபியை விடாது.

என்னிடம் வந்த ஒரு சிவப்புக் காது ஆமைக்கு ஓட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினால், நமத்துப்போன அப்பளம் போல வளைந்தது. காய்ந்த இறால் மட்டுமே தீனி, வெயிலே கிடையாது. வீட்டில் பொடி என்னவோ டப்பா நிறைய இருந்தது!

காலை ஒன்பது மணி வாக்கில் ஒரு பிளாஸ்டிக் டப்பில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, பாதியை நிழலாக மூடி, அரை மணி நேரம் வெளியே வையுங்கள். பக்கத்திலேயே இருங்கள், காக்கை தூக்கிவிடும். கண்ணாடித் தொட்டியோடு வெயிலில் வைத்தால் ஆமை வெந்துவிடும். வெயில் வராத வீடு என்றால் யுவிபி விளக்கு வாங்குங்கள். வெளிச்சம் அப்படியே இருந்தாலும் கதிர் குறைந்துகொண்டே வரும், ஆகவே விளக்கு எரிகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். பெட்டியில் போட்டிருக்கும் காலம் முடிந்ததும் மாற்றிவிடுங்கள். ஏற்கெனவே ஓடு வளைகிறது, கால் நடுங்குகிறது, தாடை ரப்பர் மாதிரி இருக்கிறது என்றால் இது வீட்டு வைத்தியத்தைத் தாண்டிவிட்டது. உடனே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

அம்மாவுக்கு எழுதித் தந்த டி3 பாக்கெட்டில் கொஞ்சம் கலக்கலாமா?

கூடாது. அதில் ஒரு பாக்கெட்டில் 60,000 யூனிட் இருக்கும். சில கிராம் எடையுள்ள உயிருக்கு அதில் ஒரு துளியை எப்படி அளப்பீர்கள்? டி3 மிஞ்சினால் சிறுநீரகத்திலும் ரத்தக்குழாயிலும் சுண்ணாம்பு படியும்.

வீட்டில் நட்சத்திர ஆமை இருக்கிறது. அதற்கு எவ்வளவு பொடி?

அளவு சொல்ல மாட்டேன். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம். வனத்துறையிடம் ஒப்படையுங்கள்.

மலைப்பாம்புக்கு?

முழு எலி தின்கிறதல்லவா, எலும்போடு? அதுவே போதும்.

கடற்கரையில் கிடைத்த கணவாய் ஓடு ஆமைக்கு ஆகுமா?

ஆகும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்பதும் அதுதான். உப்புப் போக இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, தண்ணீரைத் தினமும் மாற்றி, காயவையுங்கள். முதுகுப்பக்கத்துக் கெட்டித் தகட்டைக் கத்தியால் பெயர்த்துவிட்டுத் தொட்டியில் மிதக்க விடலாம். சில ஆமைகள் ஒரு வாரம் திரும்பிக்கூடப் பார்க்காது. அப்புறம் ஒருநாள் காலையில் பார்த்தால் பாதி ஓடு காணாமல் போயிருக்கும்.