டிகிரி இல்லாமல் டிசைன் வேலைக்குப் போக முடியுமா? லான்செஸ்டர் போனார்

ஐடிஐ முடித்து ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறேன், டிகிரி இல்லாமல் டிசைன் பக்கம் போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்கள் மனம் நோகும்படி ஏதோ சொல்லியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் நடந்தது.

நான் டீசல் என்ஜின் ஓவர்ஹால் செய்பவன். முன்பு வேலை பார்த்த இடத்துக்கு ஆறு சிலிண்டர் என்ஜின் ஒன்று வந்தது. ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும் பயங்கரமாக அதிரும், அதைத் தாண்டிவிட்டால் அடங்கிவிடும். மவுண்டிங்கை மாற்று என்றார் இன்ஜினியர். மாற்றியும் அதே கதைதான். க்ராங்க் (பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக மாற்றும் தண்டு) முனையில், அதன் அதிர்வை அடக்க மாட்டியிருக்கும் டேம்பரின் உள் வளையத்திலிருந்து வெளி வளையம் வரைக்கும் சாக்பீஸால் நேராக ஒரு கோடு இழுத்து, என்ஜினை ஓடவிட்டு நிறுத்திப் பார்த்தேன். கோடு இரண்டு துண்டாகி விலகி நின்றது, நடுவில் இருக்கும் ரப்பர் விட்டுப்போச்சு. இன்ஜினியரிடம் காட்டினால், "நீ ஸ்பேனரைப் பிடி, டிசைன் பேசாதே" என்றார். கடைசியில் டேம்பரைத்தான் மாற்றினார்கள். ரிப்போர்ட்டில் என் பெயர் இல்லை, அது இன்னும் ஆறவில்லை.

இந்த டேம்பரை யார் யோசித்தது என்று தேடியபோதுதான் ஃபிரெடரிக் லான்செஸ்டரைப் பற்றித் தெரிந்தது. 1868-ல் லண்டனில் பிறந்தவர், காலேஜ் போய்ப் பட்டம் வாங்காமலே வெளியே வந்து, பர்மிங்காமில் கேஸ் என்ஜின் கம்பெனியில் சேர்ந்தவர். குதிரை வண்டியில் என்ஜினைத் தூக்கி வைத்துக் கார் என்று சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், 1895-லேயே முழுக் காரையும் முதலிலிருந்து தானே வரைந்து செய்தார். அப்புறம் செய்த இரட்டை சிலிண்டர் என்ஜினில் இரண்டு க்ராங்க், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றும், ஒன்றின் உதறலை இன்னொன்று அடக்கிவிடும். 1902-ல் டிஸ்க் பிரேக்குக்குப் பேட்டன்ட் எடுத்தார். 1909-ல் டெய்ம்லர் என்ற இங்கிலாந்து கார் கம்பெனிக்கு ஆலோசகராகப் போனார். நீளமான ஆறு சிலிண்டர் க்ராங்க் ஒவ்வொரு வெடிப்புக்கும் லேசாக முறுக்கிக்கொண்டு திரும்பும், அதை அடக்கத்தான் டேம்பர். என்ஜின் குலுங்குவதைச் சரிக்கட்ட எடை வைத்துச் சுற்றும் பேலன்சர் ஷாஃப்டும் அவர் கொடுத்ததுதான்.

உடனே ஒருவர் வந்து, ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனியின் ராய்ஸும் இந்த டேம்பரில் வேலை செய்தாரே என்பார். செய்தார், நான் மறுக்கவில்லை. லான்செஸ்டர் படிக்கவே இல்லை என்றும் சொல்லவில்லை. படித்தார், கணக்கில் புலி, விமான இறக்கை காற்றில் எப்படித் தூக்குகிறது என்று 1907-லேயே புத்தகம் எழுதியவர். 1922-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரும் ஆனார். காசுதான் நிற்கவில்லை. ஆர்டர் இருந்தும் முதல் போதாமல் அவருடைய கம்பெனி 1904-ல் ரிசீவர் (கடன்காரர்களுக்காகக் கம்பெனியை எடுத்து நடத்துபவர்) கைக்குப் போனது. 1946-ல் இறக்கும்போதும் வசதியாக இல்லை.

ஆனாலும் பட்டம் இல்லாமலே டிசைன் செய்ய முடியும் என்று அவர் காட்டினார், அதனால் நீங்கள் கணக்கையும் டிராயிங்கையும் மட்டும் விடாதீர்கள், மாலை நேர டிப்ளமோ கிடைத்தால் சேருங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். டூப்ளிகேட் டேம்பர் விற்கிறார்களே, அவர்களை யாரும் கேட்பதில்லை. ஸ்டிக்கர் அப்படியே ஒரிஜினல் மாதிரி இருக்கும், ரப்பர் ஒரு வெயில் காலம் தாங்காது. க்ராங்க் உடைந்தால் பழி மெக்கானிக் தலையில்தான் விழுகிறது. தயவுசெய்து பில் இல்லாமல் வாங்காதீர்கள்.