ஒரு டிவிடி போட ஒரு ராத்திரி ஏன் ஆகிறது?

கேள்வி: என் லேப்டாப் கொஞ்சம் பழையது. கோர் ஐ5, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். குடும்ப நிகழ்ச்சிகளை மொபைலில் 4கே-யில் எடுத்தது பாதி, பழைய ஹேண்டிகேமில் டேப்பில் எடுத்தது பாதி. எல்லாவற்றையும் சேர்த்து எடிட் செய்து, வீட்டுப் பெரியவர்கள் டிவியில் பார்க்க டிவிடி போட்டுக் கொடுக்கிறேன். எடிட் செய்யும்போது வீடியோ விட்டு விட்டு ஓடுகிறது. இரண்டு மணி நேர டிவிடி முடிய விடிந்துவிடுகிறது. ராம் கூட்டினால் போதுமா, புது லேப்டாப்பே வாங்க வேண்டுமா?

பதில்: இரண்டையும் இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். விடிய விடிய ஓடுகிறது என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எடிட்டரிலிருந்து என்ன ஃபைலாக வெளியே எடுக்கிறீர்கள்? பெரும்பாலும் எம்பி4 என்றுதான் பதில் வரும். அதில்தான் பாதி ராத்திரி போகிறது.

டிவிடி பிளேயருக்கு எம்பி4 தெரியாது. டிவிடி-வீடியோ என்பது எம்பெக்-2 வடிவம். நம் நாட்டு டிவி முறையான பால் (PAL) என்றால் 720 x 576, நொடிக்கு 25 ஃபிரேம். அமெரிக்க முறையான என்டிஎஸ்சி என்றால் 720 x 480, 29.97 ஃபிரேம். நீங்கள் எடிட்டரில் எச்.264-ஆக (எம்பி4 ஃபைலுக்குள் வழக்கமாக இருக்கும் வடிவம் இதுதான்) எக்ஸ்போர்ட் கொடுத்தால் லேப்டாப் மூச்சு வாங்கி ஒரு முறை என்கோட் செய்யும், அதாவது வீடியோவைச் சுருக்கி அந்த வடிவத்தில் எழுதும். அந்த ஃபைலை டிவிடி மென்பொருளில் போட்டால் அது முழுவதையும் பிரித்து மறுபடி எம்பெக்-2 ஆக என்கோட் செய்யும். முதல் என்கோட் அத்தனையும் வீண், தரமும் ஒரு படி இறங்கியிருக்கும். அதனால் எடிட்டரின் எக்ஸ்போர்ட் பட்டியலில் டிவிடி அல்லது எம்பெக்-2 என்று இருப்பதைத் தேடி எடுங்கள், ஒலியை ஏசி-3, 48 கிலோஹெர்ட்ஸ் என்று வையுங்கள். அப்புறம் டிவிடிஸ்டைலர் மாதிரி ஒரு மென்பொருளில் அந்த ஃபைலைச் சேர்க்கும்போது, வீடியோ வடிவம் என்ற இடத்தில் காப்பி என்பதைத் தேர்ந்தெடுங்கள். இனி அது என்கோட் செய்யாது. மெனுவைச் சேர்த்து ஃபைலை அடுக்கிவிட்டுப் போய்விடும். மணிக்கணக்கில் ஓடியது சில நிமிடங்களில் முடியும்.

உங்கள் எடிட்டரில் எம்பெக்-2 இல்லவே இல்லையென்றால், வேறு வழியில்லாமல் இரண்டு முறை என்கோட் செய்துதான் ஆக வேண்டும். அப்போதும் 4கே-யாக வெளியே எடுக்காதீர்கள். 720p அளவில், பிட்ரேட்டை (ஒரு நொடி வீடியோவுக்கு ஒதுக்கும் டேட்டா அளவு) தாராளமாக வைத்து, இன்டெலின் குவிக் சிங்க் போன்ற ஹார்ட்வேர் என்கோடரை (என்கோட் செய்வதற்கென்றே சிப்பில் இருக்கும் தனிப் பகுதி) போட்டு எடுங்கள், சீக்கிரம் முடியும். கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் டிவிடி வேகமாக வரும் என்று பலர் நம்புகிறார்கள். என்விடியா கார்டில் இருக்கும் என்வென்க் என்ற என்கோடர் எச்.264, அதன் அடுத்த தலைமுறையான எச்.265 போன்றவற்றைத்தான் என்கோட் செய்யும், எம்பெக்-2 அதற்குக் கிடையாது. எம்பெக்-2 கட்டத்தில் அந்த கார்டு சும்மாதான் உட்கார்ந்திருக்கும்.

அடுத்து பிட்ரேட். 4.7 ஜிபி டிஸ்க்கில் மொத்தம் சுமார் 37,600 மெகாபிட் இடம் உண்டு (விண்டோஸில் இதே இடம் 4.37 ஜிபி என்று தெரியும், டிஸ்க் குறைபாடு இல்லை). இரண்டு மணி நேரம் என்பது 7,200 நொடி, வகுத்தால் நொடிக்கு 5.2 மெகாபிட். ஒலிக்கும் மெனுவுக்கும் கொஞ்சம் விட்டால் வீடியோவுக்கு 4.8 மிஞ்சும். இந்த அளவில் படம் கெடாமல் இருக்க டூ-பாஸ் போட வேண்டும், அதாவது மென்பொருள் முழு வீடியோவையும் இரண்டு தரம் ஓட்டிப் பார்க்கும், நேரமும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஒரு மணி நேரத்தை மட்டும் ஒரு டிஸ்க்கில் வைத்தால் தாராளமாக 8 மெகாபிட் கொடுக்கலாம், அப்போது ஒரே பாஸ் போதும். என்னைக் கேட்டால் இரண்டு மணி நேரத்தை இரண்டு டிஸ்க்காகப் பிரித்துவிடுங்கள் என்பேன். ஒரு டிஸ்க் கூடுதலாகும். என்கோட் நேரம் கிட்டத்தட்ட பாதியாகும், ஹேண்டிகேமின் புள்ளி புள்ளியான இருட்டுக் காட்சிகளும் கட்டம் கட்டமாக உடையாது.

இனி டைம்லைன் (எடிட்டரில் கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் இடம்) திக்கும் விஷயம். குற்றவாளி ஹேண்டிகேம் இல்லை, மொபைல்தான். டேப்பில் இருக்கும் DV (டிஜிட்டல் வீடியோ) வடிவத்தில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனிப் படம். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிபி இடத்தை அடைக்குமே தவிர, எந்தப் பழைய லேப்டாப்பும் அதை அலட்டாமல் ஓட்டும். மொபைலின் எச்.264, எச்.265 ஃபைல்களில் அப்படியில்லை. எப்போதாவது ஒரு முழு ஃபிரேம் இருக்கும், நடுவில் உள்ளவற்றில் என்ன மாறியது என்ற குறிப்பு மட்டும்தான் இருக்கும். நீங்கள் டைம்லைனில் ஓரிடத்தில் கிளிக் செய்தால், பின்னால் போய் முழு ஃபிரேமைத் தேடி, அங்கிருந்து வரிசையாகக் கணக்குப் போட்டு வந்துதான் அந்தப் படத்தைக் காட்ட முடியும். அதுவும் 4கே என்றால் ஒரு ஃபிரேமில் சுமார் 83 லட்சம் பிக்சல். கடைசியில் டிவிடியில் போய் உட்காரப்போவது 4 லட்சத்துச் சொச்சம், இருபதில் ஒரு பங்கு!

இதற்கு பிராக்ஸிதான் மருந்து. ஷாட்கட், கேடென்லைவ், டாவின்சி ரிசால்வ் ஆகிய எடிட்டர்கள் எல்லாவற்றிலும் உண்டு. ஒவ்வொரு கிளிப்புக்கும் சின்ன அளவில் ஒரு நகல் செய்து, எடிட் செய்யும்போது அதைக் காட்டும். எக்ஸ்போர்ட் கொடுத்ததும் அசலுக்கு மாறிக்கொள்ளும். டிவிடியைத் தவிர வேறெதற்கும் இந்த எடிட் தேவையில்லை என்றால் இன்னும் எளிய வழி, மொபைல் கிளிப்புகளை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு 1080p ஆக மாற்றிவிட்டு அதை வைத்தே எடிட் செய்வது. இதுவும் ஒரு என்கோட்தானே என்பீர்கள். ஆமாம், ஆனால் இது நீங்கள் தூங்கும்போது தன்பாட்டுக்கு ஓடும். எடிட் செய்யும்போது திக்கினால் உங்கள் நேரமல்லவா போகிறது? இதில் இன்னொரு லாபமும் உண்டு. மொபைல்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும், நீளமான கிளிப்பில் உதடும் பேச்சும் ஒட்டாமல் போவது இதனால்தான். ஹேண்ட்பிரேக்கில் கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

ஸ்டெபிலைசர் (ஆட்டத்தைக் குறைப்பது), நாய்ஸ் ரிடக்‌ஷன் (புள்ளிகளை நீக்குவது) இரண்டும் நேரத்தை விழுங்கும். ஆடிய, புள்ளி விழுந்த கிளிப்புக்கு மட்டும் போடுங்கள், மொத்த டைம்லைனுக்கும் வேண்டாம்.

சரி, ராம் கேள்விக்கு வருகிறேன். எக்ஸ்போர்ட் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து பத்து நிமிடம் பாருங்கள். சிபியு 90, 100 சதவீதத்தில் நின்றால் பிராசசர் தன்னால் முடிந்ததைச் செய்கிறது, ராம் போட்டாலும் ஒன்றும் மாறாது. சிபியு 30-இல் தூங்கிக்கொண்டிருக்க டிஸ்க் 100-இல் நின்றால் ஹார்ட் டிஸ்க்தான் இழுத்துப் பிடிக்கிறது. மெமரியும் நிரம்பி டிஸ்க்கும் 100-இல் இருந்தால்தான் ராம் பற்றாக்குறை, அப்போது 16 ஜிபி ஆக்குவதில் அர்த்தம் உண்டு. உங்கள் விஷயத்தில் என் சந்தேகம் டிஸ்க் மேல்தான். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி அளவில்தான் ஓடும், ஒரே டிஸ்க்கில் படிக்கவும் எழுதவும் சொன்னால் அதிலும் பாதி போய்விடும். அதற்குப் பதிலாகப் போடக்கூடிய சாட்டா எஸ்எஸ்டி 500-ஐத் தொடும். மாற்றும்வரை, மூல வீடியோவை ஒரு டிஸ்க்கிலும் வெளியீட்டை இன்னொரு டிஸ்க்கிலும் வையுங்கள். வெளி டிஸ்க்கை யுஎஸ்பி 3 துளையில்தான் செருக வேண்டும். யுஎஸ்பி 2 நடைமுறையில் 30, 40 எம்பியைத் தாண்டாது.

அதே பக்கத்தில் பிராசசர் வேகத்தையும் கவனியுங்கள். தொடக்கத்தில் 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் காட்டிவிட்டு, போகப்போக 1.5-க்கு இறங்கினால் சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைக்கிறது என்று அர்த்தம். மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள், காற்றுத் துளைகளில் தூசியை எடுங்கள், சார்ஜரைச் செருகியே வையுங்கள். ராத்திரி ஓடவிட்டு மூடியைச் சாத்தினால் ஸ்லீப்புக்குப் போய்விடும், அந்த அமைப்பையும் பார்த்துவிடுங்கள்.

டிஸ்க்கில் எழுதும் வேலையில் லேப்டாப்பின் பலத்துக்குப் பெரிய பங்கில்லை. டிரைவின் வேகம்தான், 8x என்றால் நொடிக்கு 11 எம்பி, முழு டிஸ்க் பத்து நிமிடத்துக்குள். பல பிரதிகள் வேண்டுமென்றால் டிவிடி மென்பொருளில் ஐஎஸ்ஓ ஃபைலாக (முழு டிஸ்க்கும் ஒரே ஃபைலில்) ஒரு முறை சேமித்து, இம்ஜ்பர்ன் என்ற டிஸ்க் எழுதும் மென்பொருளில் அதையே திரும்பத் திரும்ப எழுதுங்கள். ஒவ்வொரு பிரதிக்கும் முதலிலிருந்து செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

முழு நீளத்துக்கும் எக்ஸ்போர்ட் கொடுக்கும் முன், டேப்பில் எடுத்த காட்சியும் மொபைல் காட்சியும் கலந்த இரண்டு நிமிடத்தை மட்டும் எடுத்து, அழித்து எழுதக்கூடிய டிவிடி-ஆர்டபிள்யூ-வில் போட்டு டிவியில் ஓட்டிப் பாருங்கள். டேப் காட்சியில் யாராவது நடக்கும்போது உருவம் முன்னும் பின்னும் உதறினால் ஃபீல்டு வரிசை மாறியிருக்கிறது (டேப்பில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒன்றுவிட்டு ஒன்றான கோடுகளாக இரண்டு பாதிகளாகப் பதிவாகியிருக்கும், அந்தப் பாதிதான் ஃபீல்டு). DV டேப்புக்கு லோயர் ஃபீல்டு ஃபர்ஸ்ட். எக்ஸ்போர்ட் அமைப்பில் அதை மாற்றிவிட்டு, அதே இரண்டு நிமிடத்தை மறுபடி எழுதிப் பாருங்கள். உதறல் நின்ற பிறகு முழுவதையும் ஓடவிடலாம்.