லோடு ஏத்தினா பழைய பிக்கப் இழுக்கல, மேட்டுல நின்னுருது: டீசல் பம்ப்பை இறக்கணுமா?

நீங்க கேட்டிருக்கிறது இதுதான்: மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய டீசல் பிக்கப். மதுரைக்குள்ள வெறும் வண்டியா ஓட்டினா ஒரு குறையும் இல்ல. உசிலம்பட்டி தாண்டி லோடோட ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது திணறி நின்னுருது. ஹேண்ட் பம்ப் (டீசலைக் கையால தள்ளி விடற சின்ன பம்ப்) அடிச்சா மறுபடி ஸ்டார்ட் ஆகுது. ஒர்க்‌ஷாப்ல நாசிலுக்கு அழுத்தமா டீசல் அனுப்பற டீசல் பம்ப்பைக் கழட்டி இறக்கணும்னு சொல்றாங்க, இறக்கலாமா?

இப்போதைக்கு இறக்காதீங்க. ஹேண்ட் பம்ப் அடிச்சதும் வண்டி எடுக்குதுன்னா, பெரும்பாலும் டீசல் பம்ப் வரைக்கும் டீசல் ஒழுங்கா வந்து சேரலைன்னு அர்த்தம். வர்ற வழியைப் பார்க்காம பம்ப்பை இறக்கினா ஆயிரக்கணக்குல செலவாகும், வண்டி மறுபடியும் அதே மேட்டுல நிக்கும். பிழைப்புக்கு வண்டி ஓட்டுறவங்க இப்படிக் காசைக் கொட்டுறதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்கறதில்ல. அதனாலதான் கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

அடுத்த தடவை திணறும்போது கண்ணாடியில புகையைக் கவனிங்க. கரும்புகையைக் கக்கிக்கிட்டு இழுக்காம இருந்தா, டீசல் வருது, ஆனா சரியா எரியல. ஏர் ஃபில்டர் அடைச்சிருக்கலாம், இன்ஜினுக்குள்ள டீசலைப் பீய்ச்சுற நாசில் கெட்டிருக்கலாம், லோடே அதிகமா இருக்கலாம். புகையே இல்லாம, மிதிக்க மிதிக்க சக்தி மட்டும் இறங்கிக்கிட்டே வந்தா டீசல் பத்தல. ஹேண்ட் பம்ப் விஷயத்தைச் சேர்த்துப் பார்த்தா உங்க வண்டி இந்த ரெண்டாவது வகைதான்னு தோணுது.

டீசல் வர்ற வழியை ரெண்டா பிரிச்சுக்கோங்க. டேங்க்ல இருந்து ஃபீட் பம்ப் (டேங்க் டீசலை இழுத்து டீசல் பம்ப்புக்கு அனுப்பற சின்ன பம்ப்) வரைக்கும் உறிஞ்சுற பக்கம். அங்கிருந்து ஃபில்டர் வழியா டீசல் பம்ப் வரைக்கும் தள்ளுற பக்கம். தள்ளுற பக்கம் லீக் இருந்தா டீசல் வெளிய ஒழுகும், யார் கண்ணுக்கும் தெரியும். உறிஞ்சுற பக்கம் லீக் இருந்தா, ஓடும்போது ஒரு சொட்டு வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். இளநீர்ல போட்ட ஸ்ட்ராவுல கீறல் இருந்தா எவ்வளவு இழுத்தாலும் வாய்க்குக் காத்துதானே வரும், அதே கதைதான். “எங்கயும் ஒழுகலையே”ன்னு சொல்லி ஒர்க்‌ஷாப்காரங்க நேரா பம்ப்புக்குப் போறதே இதனாலதான்.

டார்ச் அடிச்சுக்கிட்டு வண்டிக்கு அடியில படுங்க. டேங்க்ல இருந்து வர்ற இரும்புக் குழாயும் ரப்பர் ஓஸும் சேர்ற இடத்துல, கிளாம்ப் பக்கத்துல பாருங்க. மத்த இடத்துல புழுதி காஞ்சு உதிரும். கசிவு இருக்கிற இடத்துல மட்டும் புழுதி நனைஞ்சு கறுப்பு மசியா ஒட்டியிருக்கும், விரல்ல வழிச்சு மோந்தா டீசல் வாடை வரும். அது வண்டி நின்ன பிறகு கசிஞ்சது. அந்த ஓஸைக் கையால லேசா வளைங்க. நேரா இருக்கும்போது தெரியாத மயிரிழை வெடிப்பு, வளைச்சா வாயைப் பிளக்கும். நம்ம ஊரு வெயில்லயும் இன்ஜின் சூட்டுலயும் ரப்பர் விறைச்சுப் போகத்தான் செய்யும். ஓஸை மாத்தும்போது டீசலுக்குன்னு விக்கிறதையே கேட்டு வாங்குங்க, தண்ணி ஓஸ் மாட்டாதீங்க. பேன்ஜோ போல்ட்டை (டீசல் குழாயை மாட்டுற, நடுவுல துளை உள்ள போல்ட்) கழட்டினா செம்பு வாசரையும் புதுசா போட்டுருங்க. சில வண்டிகள்ல ஃபீட் பம்ப்புக்கு டீசல் நுழையற போல்ட்டுக்குள்ளயே சின்ன வலை இருக்கும். அது இருக்கிறதே பல பேருக்குத் தெரியாது, வருஷக்கணக்கா அழுக்கோட கிடக்கும்.

எங்க மாமாவோட டாடா 207 பிக்கப், கம்பம் ஊர்ல வாழைத்தார் ஏத்திக்கிட்டு வரும்போது இதே கணவாய்லதான் நிக்கும். ஓஸ் மாத்தியாச்சு, ஃபில்டர் மாத்தியாச்சு, பம்ப்பை இறக்கச் சொல்லியும் ஆச்சு. மாமா ஒண்ணைக் கவனிச்சார்: டேங்க் நிறைய இருக்கிற அன்னைக்கு நிக்கறதே இல்ல, பாதிக்குக் கீழ போனாத்தான் வம்பு. டேங்குக்குள்ள இறங்கற உறிஞ்சு குழாயை வெளிய எடுத்துப் பார்த்தோம். நடுவுல துருப்பிடிச்சு ஊசி முனையளவு ஓட்டை. டீசல் அதுக்கு மேல நிக்கிறவரை ஒண்ணும் தெரியாது. மட்டம் கீழ இறங்கினா ஓட்டை வழியா காத்தை இழுக்கும். அதனால உங்க வண்டி எந்த மட்டத்துல நிக்குதுன்னு குறிச்சு வைங்க.

சந்தேகம் தீர நல்ல வழி கேன் டெஸ்ட். சுத்தமான கேன்ல டீசல் ஊத்தி, ஃபீட் பம்ப்புக்குப் போற ஓஸையும் மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பற ரிட்டர்ன் ஓஸையும் அந்தக் கேனுக்குள்ள விடுங்க. கேனை டேங்க் இருக்கிற உயரத்துலயே நல்லா இறுக்கிக் கட்டுங்க, சூடான சைலன்ஸர் பக்கம் வேண்டாம். மேல தூக்கி வெச்சா டீசல் தானா இறங்கி வந்துரும், ஃபீட் பம்ப் வீக்கா இருந்தாலும் தெரியாமப் போயிரும். அதே லோடு, அதே மேடு. நிக்காம ஏறிட்டா கோளாறு டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவுல. அப்பவும் நின்னா ஃபீட் பம்ப், ஃபில்டர்னு மேல போங்க. ஃபீட் பம்ப்புக்கு முன்னாடி ஒரு சாண் கண்ணாடி ஓஸ் மாட்டிப் பார்த்தா குமிழ் ஓடறது கண்ணுக்கே தெரியும். சோதனை முடிஞ்சதும் கழட்டிருங்க, சூடு தாங்காது.

இதுக்கெல்லாம் முன்னாடி பைசா செலவில்லாம ஒண்ணு செய்யலாம். வண்டி திணறின உடனே டேங்க் மூடியைத் திறங்க. “புஸ்”னு காத்தை உள்ள இழுத்தா மூடியில இருக்கிற காத்து ஓட்டை அடைச்சிருக்கு. ஃபில்டர் பத்தி நீங்களே அறிவீங்க. மழைக்காலத்துல மட்டும் ஃபில்டருக்கு அடியில தேங்கற தண்ணியை அடிக்கடி திறந்து விடுங்க.

ஏர் எடுக்கும்போது (குழாய்ல சிக்கின காத்தை வெளியேத்தும்போது) ஃபில்டர் மேல இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழ் நிக்கிறவரை ஹேண்ட் பம்ப் அடிச்சாப் போதும். நாசில் பக்கம் கையைக் காட்டாதீங்க. அங்க பீய்ச்சுற டீசல் தோலைக் கிழிச்சு உள்ள இறங்கிரும், வெளிய சின்னப் புள்ளியாத்தான் தெரியும், ஆனா கையே போற அளவுக்கு ஆபத்து. உடனே பெரியாஸ்பத்திரிக்கு ஓடணும். இதைப் படிக்கிறவங்கள்ல காமன் ரெயில் வண்டி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டுல டீசல் பீய்ச்சுற புது வகை) வெச்சிருக்கிறவங்க பிரஷர் பைப்பைத் தளர்த்தவே கூடாது, அதுல அழுத்தம் 1000 பாருக்கு மேல போகும்.

“பிஎஸ்6 டீசல் வந்துதான் பழைய பம்ப்பெல்லாம் போச்சு”ன்னு யாராவது சொன்னா அதை நம்பி முடிவெடுக்காதீங்க. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 மாசு விதி வந்து, டீசல்ல கந்தகம் 50 பிபிஎம்ல (பத்து லட்சத்துல 50 பங்கு) இருந்து 10 பிபிஎம் ஆனது உண்மை. ஆனா பம்ப் தேயாம இருக்கத் தேவையான வழுவழுப்பும் அந்தத் தர விதியிலயே இருக்கு.

இவ்வளவும் பார்த்து, கேன் டெஸ்ட்லயும் நின்னு, ஃபீட் பம்ப்பும் ஃபில்டரும் சரின்னு ஆனா, அப்ப பம்ப்பை இறக்குங்க. கழட்டறதுக்கு முன்னாடி டைமிங் மார்க் போடச் சொல்லுங்க, டெஸ்ட் பெஞ்ச்ல ஏத்தி ஒவ்வொரு சிலிண்டருக்கும் எவ்வளவு டீசல் தள்ளுதுன்னு பக்கத்துல நின்னு பாருங்க, அந்த அளவை எழுதியும் வாங்கிக்கோங்க.